ஆய்வகக் கதவோடு நின்றுவிடும் எச்சரிக்கை: அறிவியலின் கழிவும் அதைச் சுமக்கும் கைகளும்

2010 பிப்ரவரி 26 அன்று டெல்லிப் பல்கலைக்கழகம் பயன்பாட்டில் இல்லாத பழைய பொருட்களை ஏலத்தில் விற்றது. அவற்றுள் ஒன்று வேதியியல் துறைக்குச் சொந்தமான, கனடாவில் தயாரிக்கப்பட்ட காமாக் கதிர்வீச்சுப் பொறி. 1968-இல் ஆய்வுக்காக வாங்கப்பட்ட அந்தப் பொறியை 1985-க்குப் பிறகு எவரும் இயக்கவில்லை. கால் நூற்றாண்டுக் காலம் கிடந்த அதைப் பழைய இரும்பாக மதிப்பிட்டு விற்றார்கள். மேற்கு டெல்லியின் மாயாபுரியில் இருக்கும் காயலான் கடைச் சந்தைக்கு அது போய்ச் சேர்ந்தது.

அங்கே தொழிலாளர்கள் வழக்கம்போலப் பொறியைப் பிரித்தார்கள். ஈயக் கவசத்துக்குள் இருந்தது கோபால்ட்-60 என்னும் கதிரியக்கத் தனிமம். அது பதினொரு துண்டுகளாக வெட்டுப்பட்டது. மிகச் சிறிய துண்டை ஒரு கடைக்காரர் தம் பணப்பையில் வைத்திருந்தார். இரண்டு துண்டுகள் அருகிலிருந்த இன்னொரு கடைக்குப் போயின. எஞ்சியவை கிடங்கிலேயே கிடந்தன. சில நாட்களில் அங்கிருந்தவர்களுக்குத் தோல் கறுத்தது, முடி உதிர்ந்தது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் மருத்துவர்கள் கதிர்வீச்சை ஐயுற்ற பிறகுதான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் செய்தி எட்டியது. துண்டுகள் மீட்கப்பட்டு நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஏப்ரல் 26 அன்று 35 வயதுத் தொழிலாளி ஒருவர் உறுப்புகள் செயலிழந்து இறந்தார். மேலும் பலர் கதிர்வீச்சுப் பாதிப்புடன் மருத்துவமனைகளில் கிடந்தனர். ஏழு படிகள் கொண்ட பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் இந்நிகழ்வு 4-ஆம் படியில் வைக்கப்பட்டது.

கோபால்ட்-60 ஒவ்வொரு 5.27 ஆண்டுக்கும் தன் கதிரியக்கத்தில் பாதியை இழக்கும். அவ்வாறு கணக்கிட்டால், 1968-இல் இருந்த கதிரியக்கத்தில் 2010-இல் எஞ்சியிருந்தது ஏறத்தாழ 250-இல் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கே ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. இந்த எளிய கணக்கைப் போடக்கூடியவர்கள் நிறைந்த இடம் பல்கலைக்கழகம். அந்தக் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லப்படாதவர்கள் மாயாபுரியில் வெட்டுக் கருவியைக் கையில் எடுத்தார்கள்.

இந்தக் கட்டுரையில் நாம் விளக்க முற்படுவது இதைத்தான். ஆய்வகத்தின் நச்சுக் கழிவு அறிந்த கைகளிலிருந்து அறியாத கைகளுக்கு மாறும் இடத்தில்தான் பேரிடராகிறது. எச்சரிக்கை ஆய்வகக் கதவோடு நின்றுவிடுகிறது; கழிவோ கதவைத் தாண்டிப் போகிறது. கதவுக்கு வெளியே அதைப் பெற்றுக்கொள்பவர் யார் என்பதை இந்நாட்டில் பெரிதும் சாதியே தீர்மானிக்கிறது.

அளவில் சிறிது, வகையில் பெரிது

ஆய்வகக் கழிவு தொழிற்சாலைக் கழிவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சாயப்பட்டறை நாள்தோறும் வெளியேற்றுவது ஏறத்தாழ ஒரே தன்மையுள்ள கழிவு. அளவு மிகுதி என்றாலும், அதில் என்ன இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆய்வகத்தில் நிலைமை தலைகீழ். ஒரே துறையில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்கள் சிறுசிறு குடுவைகளில் இருக்கும். இன்று நடக்கும் சோதனை அடுத்த மாதம் இருக்காது. ஆய்வு மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார். அவர் கலந்து வைத்த கரைசல் அலமாரியில் தங்கிவிடும். சில ஆண்டுகளில் லேபிளின் மை மங்கிவிடும். அதன்பின் அந்தக் குடுவையில் என்ன இருக்கிறது என்று சொல்லத் துறையில் ஒருவரும் இருக்கமாட்டார்.

இக்கழிவை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வேதிக் கழிவு. அசிட்டோன், மெத்தனால், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள், அமிலங்கள், காரங்கள், பாதரசம், ஈயம், குரோமியம் ஆகியவற்றின் உப்புகள் இதில் அடங்கும். கண்ணாடிக் கலன்களைக் கழுவப் பல கல்லூரிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த குரோமிக் அமிலத்தில் இருப்பது புற்றுநோயை உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். இரண்டாவது உயிரியல் கழிவு: நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டுகள், இரத்த மாதிரிகள், சோதனை விலங்குகளின் உடல்கள். மூன்றாவது கதிரியக்கக் கழிவு. நான்காவது ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி போன்ற கூர்பொருட்கள்.

தனித்தனியே இருக்கும்போது கட்டுக்குள் இருக்கும் பொருட்கள் சேரும்போது மாறிவிடுகின்றன. நைட்ரிக் அமிலம் இருக்கும் கழிவுக் குடுவையில் எத்தனாலை ஊற்றி மூடியை இறுக்கினால், உள்ளே வாயு பெருகிக் குடுவை வெடிக்கும். அசிட்டோனும் குளோரோஃபார்மும் உள்ள கலவையில் காரம் சேர்ந்தால் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். ஈதர் நெடுநாள் கிடந்தால் வெடிக்கும் தன்மையுள்ள பெராக்சைடுகள் அதில் உருவாகும். பிக்ரிக் அமிலம் ஈரத்தோடு இருக்கும் வரைதான் பாதுகாப்பானது. உலர்ந்துவிட்டால் மூடியைத் திருகும் உராய்வே போதும். இவையெல்லாம் வேதியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருப்பவை. பழைய அலமாரியைக் காலி செய்ய அழைக்கப்படும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு இவற்றை எவரும் சொல்வதில்லை.

கழுவுதொட்டிக்குக் கீழே யார்?

ஆய்வகத்தில் கழிவைத் தொலைக்க எளிய வழியாகத் தோன்றுவது கழுவுதொட்டி. குழாயைத் திறந்துவிட்டுக் கரைசலை ஊற்றினால் அது கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆனால் கழிவுநீர்க் குழாய்க்கும் ஒரு மறுமுனை உண்டு. அடைப்பு ஏற்படும்போது அதைத் திறக்க ஒருவர் வரவேண்டும்.

சோடியம் அசைடு என்னும் பொருள் ஆய்வகக் கரைசல்கள் கெடாமல் இருக்கச் சிறிதளவில் சேர்க்கப்படுவது. இரத்த அணுக்களை எண்ணும் கருவிகளின் கரைசலிலும் அது பயன்பட்டது. இதைக் கழுவுதொட்டியில் தொடர்ந்து ஊற்றும்போது, குழாயிலுள்ள செம்போடும் ஈயத்தோடும் அது வினைபுரிந்து, தட்டினாலே வெடிக்கும் உலோக அசைடாகக் குழாயின் உட்புறத்தில் படிகிறது. அமெரிக்காவில் ஆய்வகக் குழாய்களைப் பழுதுபார்க்கப் போன குழாய்ப் பணியாளர்கள் இத்தகைய வெடிப்புகளுக்கு ஆளானார்கள். 1976 ஆகஸ்டில் அந்நாட்டின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் இதற்கெனவே தனி எச்சரிக்கை வெளியிட்டது. கரைசலை ஊற்றியவருக்குக் காயமில்லை. குழாயைத் திறந்தவருக்குத்தான் காயம். ஆய்வகக் கழிவின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

இந்தியாவில் குழாயைத் திறப்பவர் பலநேரம் அதற்குள் இறங்கவும் வேண்டியிருக்கிறது. சாதாரணக் கழிவுநீர்த் தொட்டியிலேயே ஹைட்ரஜன் சல்பைடு மூச்சை நிறுத்திவிடுகிறது. சல்பைடு உப்புகளும் அமிலமும் ஒரே குழாயில் கலந்தால் அதே வாயு அங்கேயே உருவாகும். சயனைடு உப்போடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு. பிளீச்சிங் கரைசலோடு அமிலம் சேர்ந்தால் குளோரின். ஓர் ஆய்வகம் சயனைடை ஊற்றி, அடுத்த ஆய்வகம் அமிலத்தை ஊற்றினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருப்பவர் இரண்டையும் ஊற்றாதவர்.

அவர் யார் என்பதற்கு அரசின் கணக்கே விடை தருகிறது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் சேகரிக்கப்பட்ட ஏறத்தாழ 38,000 கழிவுநீர், கழிவுத் தொட்டித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் இது 92 விழுக்காட்டை நெருங்குகிறது. பாதுகாப்பற்ற முறையில் மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இத்தகைய மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்று வகுத்து, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்குபவர் மலத்தோடு மட்டும் போராடவில்லை, ஆய்வகம் ஊற்றியதோடும் போராடுகிறார் என்பது இந்த விவாதங்களில் இன்னும் இடம்பெறவில்லை.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்திய ஆய்வகம் ஒன்றின் கழிவு மூன்று வெவ்வேறு சட்ட ஏற்பாடுகளுக்குள் வருகிறது. வேதிக் கழிவுக்கு 2016-ஆம் ஆண்டின் தீங்கு விளைவிக்கும் மற்றும் பிற கழிவுகள் விதிகள். உயிரியல் கழிவுக்கு அதே ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். கதிரியக்கப் பொருளுக்கு 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1987-இலும் 2004-இலும் வந்த விதிகள். ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் நுழைவதில்லை. மேற்பார்வையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எனப் பிரிந்து கிடக்கிறது.

விதிகள் வெறுமையானவை அல்ல. வேதிக் கழிவை 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்குப் பத்து டன் வரை மட்டும் உண்டாக்குவோருக்கு மாநில வாரியம் இந்தக் கால அளவை நீட்டிக்கலாம். கழிவு உருவாகும் இடத்திலிருந்து இறுதியாக அழிக்கப்படும் இடம் வரை ஒவ்வொரு கைமாற்றமும் ஆவணமாகப் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கே அது செல்ல வேண்டும். கலனின் மேல் ஒட்டப்படும் லேபிளில் 'தீங்கு விளைவிக்கும் கழிவு', 'கவனமாகக் கையாளவும்' ஆகிய எச்சரிக்கைகள் ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு அந்தந்தப் பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது தமிழ். வேதிப்பொருள் படிந்த காலிக் கலன்களும் தீங்கான கழிவாகவே பட்டியலிடப்பட்டுள்ளன. ஆகவே, காலிக் குடுவைகளைக் கழுவாமல் பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுவது விதிமீறல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கழிவை உண்டாக்கும் நிறுவனம் அந்த இடத்தில் வேலை செய்வோருக்குப் பயிற்சியும் கருவிகளும் தம்மைக் காத்துக்கொள்ளத் தேவையான தகவலும் அளிக்க வேண்டும் என்று அதே விதிகள் கூறுகின்றன. 'தகவல்' என்ற இந்தச் சொல்லை நாம் அழுத்திப் படிக்க வேண்டும். கையுறை கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடுவதில்லை. கையுறைக்கு அப்பால் இருப்பது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உயிரி மருத்துவக் கழிவு விதிகள் ஆய்வு நிறுவனங்களையும் கல்வி நிறுவனங்களையும் பெயர் சொல்லியே உட்படுத்துகின்றன. நுண்ணுயிரிக் கழிவையும் இரத்த மாதிரிகளையும் ஆய்வகத்திலேயே கிருமிநீக்கம் செய்த பிறகுதான் வெளியே கொடுக்க வேண்டும். இதற்கு ஆட்டோகிளேவ் கருவியில் பொதுவாக 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும். வேலையில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல் பரிசோதனை நடத்த வேண்டும். 'அனைவரும்' என்பதில் ஒப்பந்தப் பணியாளரும் அடங்குவர். ஆனால் ஒப்பந்த நிறுவனம் மாறும்போதெல்லாம் பணியாளரின் பெயர் புதிதாக எழுதப்படுகிறது. ஓராண்டு முடிவதற்குள் ஆள் மாறிவிட்டால் ஆண்டுப் பரிசோதனை என்பது தாளில் மட்டுமே நிற்கும்.

இங்கே ஒரு பெரிய இடைவெளியையும் சுட்டவேண்டும். 1984-இன் போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருட்களைப் பற்றித் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கும், கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளருக்கும் அதில் எழுதப்பட்டன. ஆயிரக்கணக்கானோரின் உயிர்களுக்குப் பின் கிடைத்த உரிமை அது. ஆனால் அது தொழிற்சாலைத் தொழிலாளரின் உரிமையாகவே எழுதப்பட்டது. கல்வி ஆய்வகம் தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருவதில்லை. அங்கே அதே அமிலத்தைச் சுமக்கும் தூய்மைப் பணியாளருக்கு அந்த உரிமை அதே வடிவில் எட்டவில்லை.

எனினும் அரசமைப்பு துணையிருக்கிறது. கல்நார் தொழிலாளர் வழக்கில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள் வரை மருத்துவப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. கல்நாரைப் போலவே குரோமியமும் கதிர்வீச்சும் உண்டாக்கும் நோய் பல்லாண்டுகள் கழித்தே வெளிப்படலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், பதினொரு மாத ஒப்பந்தங்களில் ஆட்களை அமர்த்துவதன் உட்பொருள் விளங்கும். நோய் வெளிப்படும் நாளில் அவர் எங்கே வேலை செய்தார் என்பதற்கே சான்று இருக்காது.

புரியாத சின்னமும் சொல்லப்படாத செய்தியும்

மாயாபுரிக்கு 23 ஆண்டுகள் முன்பே உலகுக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட கதிர்மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து பழைய பொருள் சேகரிக்கும் இருவர் ஒரு கருவியை எடுத்துச் சென்றார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137. இருளில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளை மக்கள் வியப்போடு கையில் எடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது.

இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகு பன்னாட்டு அணுசக்தி முகமை ஒரு கேள்வியை எழுப்பியது: கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னம் யாருக்குப் புரிகிறது? பயிற்சி பெற்றவருக்குப் புரிகிறது. பயிற்சி பெறாதவருக்கு அது ஏதோ ஒரு பூவாகவோ மின்விசிறியாகவோ தோன்றலாம். இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்துப் பார்த்து, 2007-இல் ஒரு புதிய சின்னம் வெளியிடப்பட்டது. சிவப்புப் பின்னணியில் கதிர் அலைகள், ஒரு மண்டையோடு, தப்பி ஓடும் ஒரு மனித உருவம். பொறியின் வெளிப்புறத்தில் ஒட்டுவதற்காக அது உருவாக்கப்படவில்லை. பொறியைப் பிரிக்க முற்படும்போது கண்ணில் படும்படி உள்ளே பொருத்துவதற்காக உருவாக்கப்பட்டது. அதாவது, உலோகத்தை வெட்டும் தொழிலாளி ஒருவரை நேருக்கு நேர் நோக்கிப் பேசுவதற்காக.

எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் அறியும் உரிமை உண்டு, அவருக்குப் புரியும்படி சொல்வது சொல்பவரின் பொறுப்பு என்பதே இந்தச் சின்னத்தின் பொருள். மாயாபுரிக்குப் போன பொறி 1968-இல் வந்தது. அதில் இந்தச் சின்னம் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பொறியை வைத்திருந்த நிறுவனத்துக்கு வாய் இருந்தது. கதிரியக்க மூலத்தை ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவித்து முறைப்படி ஒப்படைக்கும் வழியும் இருந்தது. பல்கலைக்கழகம் விதிகளை மீறியது என்று கண்ட வாரியம், கதிரியக்கப் பொருட்களைப் பயன்படுத்த அதற்கிருந்த அனுமதியை நிறுத்திவைத்தது.

அறிவைப் பிரித்தல், ஆபத்தைப் பிரித்தல்

இவ்வளவும் நிர்வாகக் குறைபாடு மட்டும்தானா? சாதியை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. சாதி இங்கே ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் மட்டும் இல்லை. எந்த வேலை அறிவோடு தொடர்புடையது, எந்த வேலை அழுக்கோடு தொடர்புடையது என்ற பிரிவினையில் அது குடியிருக்கிறது. சாதி பிரிப்பது தொழிலை மட்டுமன்று, தொழில் செய்யும் மனிதரையே என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் நிறுவினார். ஆய்வகத்தில் அந்தப் பிரிவினை மேலும் ஒரு படி போகிறது. கண்டுபிடிப்பின் பெருமை ஒரு பக்கமும் அதன் எச்சத்தின் ஆபத்து மறுபக்கமும் சேர்கின்றன. ஆபத்தைப் பற்றிய அறிவோ பெருமை இருக்கும் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

கழிவைத் தொடுவது இழிவு என்று கருதும் மனநிலைக்கு அறிவியல் பட்டம் மருந்தாவதில்லை. சோதனையைத் தானே செய்யும் ஆய்வாளர், சோதனை முடிந்த நொடியில் மிச்சத்தை 'வேறு யாரோ' எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறார். அந்த 'வேறு யாரோ' என்ற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று அவர் கேட்பதில்லை. வேதியியலின் இயல்போ இதற்கு நேர் எதிரானது. ஒரு பொருளை உருவாக்கத் தெரிந்தவருக்கே அதைச் செயலிழக்கச் செய்யவும் பெரும்பாலும் தெரியும். அமிலத்தை நடுநிலையாக்குவதும், சயனைடை ஆக்சிஜனேற்றம் செய்து அழிப்பதும், பெராக்சைடைச் சோதிப்பதும் பயிற்சி பெற்ற வேதியியலாளரின் வேலை. தூய்மைப் பணியாளரின் வேலை அல்ல. கழிவைக் கையாள்வது அறிவியல் பணியின் கடைசிப் படி. அதை அறிவியலிலிருந்து வெட்டி எடுத்து, குறைந்த கூலிக்கான துப்புரவு வேலையாக மாற்றியதுதான் சாதியின் கைவரிசை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்று ஆய்வகங்களில் முதல் தலைமுறையாக நுழையும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் இருக்கிறார்கள். ஆய்வகத்தில் யார் கழிவுக் குடுவைகளைச் சுமக்கிறார், யார் கண்ணாடிகளைக் கழுவுகிறார், யார் பழைய அறையைச் சுத்தம் செய்யச் சொல்லப்படுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டியது அவசியம். சுழற்சி முறைப் பட்டியல் இல்லாத இடத்தில் இத்தகைய வேலைகள் சமூகப் படிநிலையைப் பின்பற்றிச் சரிந்துவிடும்.

செய்ய வேண்டியவை

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தங்கள் வளாகங்களில் எழுப்பக்கூடிய கோரிக்கைகளை நாம் இங்கே தொகுக்கிறோம்.

முதலாவதாக, பெயரற்ற குடுவை ஆய்வகத்தில் இருக்கக் கூடாது. கழிவுக் கலன் ஒவ்வொன்றிலும் உள்ளிருக்கும் பொருட்கள், நிரப்பத் தொடங்கிய நாள், பொறுப்பாளர், முதன்மை ஆபத்து ஆகியவை தமிழிலும் எழுதப்பட வேண்டும். தீப்பிழம்பு, மண்டையோடு, அரிக்கப்படும் கை போன்ற படக்குறிகளும் அவற்றின் பொருளும் தூய்மைப் பணியாளருக்கு வேலை நேரத்திலேயே, கூலி குறையாமல், கற்பிக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, கழிவு உருவாகும் இடத்திலேயே அதைப் பிரித்து வைக்க வேண்டும். குளோரின் உள்ள கரைப்பான் ஒரு கலனில், குளோரின் இல்லாதது வேறொரு கலனில், கன உலோகக் கரைசல் தனியாக. அமிலத்தையும் சயனைடையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பாஸ்பரஸ்-32 போன்ற குறுகிய ஆயுளுள்ள கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் 14 நாட்களே. பத்து அரை ஆயுட்காலம், அதாவது ஐந்து மாதம் அளவுக்குப் பூட்டிய அறையில் வைத்து, அளந்து பார்த்த பிறகே அதை அகற்ற வேண்டும். நெடிய ஆயுளுள்ள மூலங்களை வளாகத்தில் அழிக்கவே முடியாது; முறையாக ஒப்படைப்பது ஒன்றே வழி.

மூன்றாவதாக, ஆய்வாளர் ஓய்வு பெறும்போதோ மாணவர் பட்டம் பெறும்போதோ, அவர் வசமிருந்த வேதிப்பொருட்களும் கருவிகளும் கணக்கிடப்பட்டு ஒப்படைக்கப்பட்டதாகச் சான்று பெற வேண்டும். நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராதவருக்குச் சான்றிதழ் தராத நிறுவனங்களுக்கு இது அரிய செயலன்று. எந்த ஆய்வுக் கருவியும் ஏலத்துக்குப் போகுமுன் அதில் கதிரியக்கமோ பாதரசமோ நச்சு எண்ணெயோ இல்லை என்று அறிவியலாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும்.

நான்காவதாக, கழிவை வாங்குபவர், சுமப்பவர், குழாய் திறப்பவர் ஆகியோரின் பிரதிநிதிகள் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவில் இடம்பெற வேண்டும். ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் பணியாளரின் மருத்துவப் பதிவு முதன்மை நிறுவனத்திடமே இருக்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கான கருவி நம்மிடம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டியவை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் உள்ளதா? சென்ற மூன்று ஆண்டுகளில் வேதிக் கழிவு எவ்வளவு, எந்த மையத்துக்கு அனுப்பப்பட்டது. அதற்கான கைமாற்ற ஆவணங்களின் நகல்கள் எங்கே? கழிவு கையாளும் பணியாளருக்கு எந்த நாளில் தடுப்பூசி போடப்பட்டது, எந்த நாளில் பரிசோதனை நடந்தது? கதிரியக்க மூலங்கள் எத்தனை, அவற்றுள் பயன்பாட்டில் இல்லாதவை எத்தனை? இந்தக் கேள்விகளுக்கு 'ஆவணம் இல்லை' என்று பதில் வந்தால், அதுவே ஒரு சான்றாகும். ஆண்டு முழுவதும் சோதனைகள் நடக்கும் ஓர் ஆய்வகத்தில் கழிவு அனுப்பிய ஆவணம் ஒன்றுகூட இல்லையென்றால், அக்கழிவு கழுவுதொட்டி வழியாகவோ குப்பைத் தொட்டி வழியாகவோதான் போயிருக்க வேண்டும்.

மாயாபுரியில் இறந்தவருக்குக் கதிர்வீச்சு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. 'இதைத் திறக்காதே' என்ற ஒரு வரி அந்தப் பொறியோடு சென்றிருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு ஆய்வு நிதி வேண்டியதில்லை, புதிய சட்டமும் வேண்டியதில்லை. கழிவின் மறுமுனையில் நிற்பவரும் தமக்கு இணையான மனிதர், பதில் சொல்லப்பட வேண்டியவர் என்ற ஒப்புதல் மட்டுமே வேண்டும். அந்த ஒப்புதல் தானாக வராத இடங்களில் அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. இந்தப் பருவத் தேர்வு முடிந்து ஆய்வகங்கள் சுத்தம் செய்யப்படும் நாளில், குடுவைகளைச் சுமந்து செல்பவரிடம் 'இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னார்களா?' என்று கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.